கொட்டேஷனைத் தொடாமல் அஜைல் வராது

2025 செப்டம்பர் 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடி 12, 28 சதவீத அடுக்குகளை எடுத்துவிட முடிவு செய்தது. செப்டம்பர் 22 முதல் புதிய வரி. இடையில் கிடைத்தது 19 நாள்தான். திருநெல்வேலி டவுனில் ஒரு இனிப்புக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். அல்வாவுக்கு ஏற்கெனவே 5 சதவீதம், அதில் மாற்றமில்லை. பாக்கெட்டில் அடைத்து விற்கும் மிக்சர் 12இலிருந்து 5க்கு இறங்கியது. முக்கூடல் பக்கம் பீடிக் கம்பெனிக்கு பில் போடும் மென்பொருள் என்றால் வேறு சிக்கல்: பீடி, சிகரெட், பான் மசாலா வகைகளுக்கு அந்தத் தேதி பொருந்தாது, அப்போதைக்குப் பழைய வரியே தொடரும் என்று சொல்லிவிட்டார்கள். ஆக ஒரே மென்பொருளில் சில பொருளுக்கு வரியை மாற்ற வேண்டும், சிலவற்றைத் தொடவே கூடாது. 21ஆம் தேதி விற்ற சரக்கு 25ஆம் தேதி திரும்பி வந்தால் அதைப் பழைய வரியில் கழிக்க வேண்டும்.

வண்ணார்பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் பெருமாள்புரத்திலும் வீட்டு மாடிகளில் நடக்கும் சிறிய மென்பொருள் கம்பெனிகளுக்கு இந்த மாதிரி 19 நாள்தான் உண்மையான பரீட்சை. 'நாமும் அஜைலுக்கு மாறலாம் சார்' என்று முதலாளியிடம் பேசப் போகிறவர் பேச்சைத் தொடங்க வேண்டிய இடமும் இதுதான் என்று நினைக்கிறேன். அஜைல் என்பது மென்பொருளைச் சின்னச் சின்னத் துண்டாகச் செய்து ஓடவிட்டு, வாடிக்கையாளர் சொல்வதை வைத்து அடுத்த துண்டைத் தீர்மானிக்கும் முறை. அதை ஸ்பிரிண்ட் (சில வாரங்களுக்கான வேலைச் சுற்று), ஸ்டாண்டப் (தினமும் நடத்தும் சின்னக் கூட்டம்), பேக்லாக் (செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) என்று தொடங்கினால் முதலாளி தலையை ஆட்டிக்கொண்டே போனைப் பார்ப்பார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய கவலை வேறு: எவ்வளவு பணம், எப்போது வரும், வராவிட்டால் மாதக் கடைசியில் சம்பளத்துக்கு என்ன செய்வது.

அஜைலை வேலை செய்யும் முறை என்று மட்டும் பார்ப்பதால்தான் பல கம்பெனிகளில் அது பெயரளவில் நின்றுவிடுகிறது. கம்பெனிக்கு எப்படிப் பணம் வருகிறதோ அதை ஒட்டித்தான் உள்ளே வேலையும் நடக்கும். கொட்டேஷன் பழையபடியே இருந்தால் நீங்கள் எத்தனை ஸ்டாண்டப் நடத்தினாலும் வேலை பழையபடிதான் ஓடும்.

ஒப்பந்தத்தின் வழியாக வந்த பழக்கம்

1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் பெரிய மென்பொருள் திட்டங்களை நடத்துவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தேவைகளை எழுதுவது, வடிவமைப்பது, கோடு (நிரல்) எழுதுவது, சோதிப்பது, ஓடவிடுவது என்று படிப்படியாகக் கீழே இறங்கும் படம் அதில் இருக்கிறது. பிற்பாடு வாட்டர்ஃபால் என்று பெயர் பெற்ற முறைக்கு அந்தப் படத்தைத்தான் மூலமாகச் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், இப்படி ஒரே இறக்கமாகச் செய்வது ஆபத்து, தோல்வியை வரவழைக்கும் என்று அதே கட்டுரையில் ராய்ஸ் எழுதியிருக்கிறார். சோதனை கடைசியில் வருவதால் அடிப்படைத் தவறும் கடைசியில்தான் தெரியும், அப்போது திரும்ப முதலிலிருந்து வர வேண்டும் என்பது அவர் வாதம். படம் பரவிய அளவுக்கு எச்சரிக்கை பரவவில்லை.

1985இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2167 என்ற எண்ணில் ஒரு தரநிலை வெளியிட்டது. ராணுவத்துக்கு மென்பொருள் செய்துதரும் நிறுவனங்கள் எந்தக் கட்டத்தில் எந்த ஆவணத்தைத் தர வேண்டும், எதற்குப் பிறகு எது என்று அது வரிசைப்படுத்தியது. பெரிய பணம் கொடுக்கிறவர் அப்படிக் கேட்டால் எல்லோரும் அப்படித்தானே வேலை செய்வார்கள்? 1994இல் அதே துறை அதைக் கைவிட்டு இன்னும் நெகிழ்வான ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால் பழக்கம் அதற்குள் ஊன்றிவிட்டது. 'மொத்தத் தேவையையும் எழுதிக் கையெழுத்து வாங்கு, அப்புறம் வேலையைத் தொடங்கு' என்பது பென்டகனிலிருந்து பாளை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் இயல்பான ஒன்றாகிவிட்டது.

2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையில் நான்கு மதிப்பீடுகள் உண்டு. அவற்றில் மூன்றாவது, ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வதற்கு அதிக மதிப்புத் தருவது. மற்ற மூன்றைப் பற்றி ஆளுக்கு ஆள் பேசுகிறார்கள், இதை மட்டும் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறார்கள். ஒப்பந்தத்தைத் தொட்டால் முதலாளியையும் அக்கவுண்டன்டையும் சேர்த்துத் தொட வேண்டும் என்பதால் இருக்கலாம். ஒப்பந்தம் வேண்டாம் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் இரண்டு பக்கம். வலது பக்கம் இருப்பவற்றுக்கும் (இங்கே ஒப்பந்தப் பேரம்) மதிப்பு உண்டு, இடது பக்கத்துக்குக் (இங்கே சேர்ந்து வேலை செய்வது) கூடுதல் மதிப்பு என்றுதான் அதில் இருக்கிறது.

ஆறு லட்சம் ரூபாய்க் கணக்கு

ஒரு கற்பனைக் கம்பெனி. வண்ணார்பேட்டையில் 30 பேர். வாடிக்கையாளர்கள் 60 பேர்: அரிசி ஆலை, ஜவுளிக்கடை, பள்ளிக்கூடம், பீடிக் கம்பெனி, பாவூர்சத்திரத்தில் காய்கறி மொத்த வியாபாரி. கணக்குக்கு எல்லோரிடமும் டேலி இருக்கும். அதில் அடங்காத வேலைக்குத்தான் இவர்களிடம் வருவார்கள்.

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு மென்பொருள் என்று வைத்துக்கொள்வோம். நெல் வரவு, எடை மேடைச் சீட்டு, அரவை, தவிடு, மூட்டை இருப்பு, விற்பனை பில். மொத்தம் 6 லட்சம் ரூபாய், ஆறு மாதம். 40 சதவீதம் அட்வான்ஸ், 30 சதவீதம் காட்டும்போது, 30 சதவீதம் முடித்துக்கொடுத்ததும். நம்மூரில் வழக்கமாக எழுதும் கொட்டேஷன் இப்படித்தான் இருக்கும்.

இந்த வேலையில் மூன்று பேர், சராசரி சம்பளம் 25,000 என்றால் மாதம் 75,000. ஆறு மாதத்துக்கு 4.5 லட்சம். மிச்சம் 1.5 லட்சம், அதில்தான் வாடகை, கரண்ட், லாபம் எல்லாம். அட்வான்ஸ் 2.4 லட்சம் மூன்று மாதம் தாண்டியதும் தீர்ந்துவிடும். கடைசித் தவணை 1.8 லட்சம். அதாவது லாபம் முழுவதும் கடைசித் தவணைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கடைசித் தவணையைத் தருவதா வேண்டாமா என்பது ஆலை முதலாளி அண்ணாச்சியின் கையில். 'எல்லாம் சரிதான், இந்த ரிப்போர்ட் மட்டும் நான் கேட்ட மாதிரி வரலியே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு மாதம் இழுத்தால் 75,000 பெருக்கல் 2, லாபம் போய்விட்டது. மூன்றாவது மாதத்திலிருந்து கைக்காசு. இதில் அண்ணாச்சியை வில்லனாக்க வேண்டியதில்லை. நாலரை மாதம் கழித்துத்தான் திரையையே பார்க்கிறார். பார்த்த பிறகுதானே தனக்கு என்ன வேண்டும் என்று அவருக்கே தெரியும்? தொடக்கத்தில் கையெழுத்துப் போட்ட 40 பக்கத் தேவை ஆவணத்தை அவர் படித்திருப்பார் என்று நம்புவது நம்முடைய பிழை.

அவர் படித்திருந்தாலும் பயனில்லாமல் போகலாம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. அதற்கு முன் பதிவு செய்த பிராண்ட் பெயரைப் பொறுத்து வரி இருந்தது. சட்டம் வந்ததும் ஆலைக்காரர்கள் என்ன செய்தார்கள்? 26 கிலோ மூட்டை போட்டார்கள். அந்த வருஷம் மார்ச்சில் எந்த ஆலை முதலாளியிடம் உட்கார்ந்து எத்தனை மணி நேரம் தேவை கேட்டிருந்தாலும் '26 கிலோ மூட்டைக்கு ஒரு கட்டம் வையுங்கள்' என்று சொல்லியிருக்க மாட்டார். மின்னணு விலைப்பட்டியலும் (இ-இன்வாய்ஸ்) அப்படித்தான் வந்தது. 2020 அக்டோபரில் ஆண்டு வரவு 500 கோடி தாண்டியவர்களுக்குத் தொடங்கி, 100, 50, 20, 10 என்று இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்து நின்றது. அரசாங்கமே தவணை முறையில்தான் தேவையைச் சொல்கிறது.

சரி, மாற்று என்ன? அதே 6 லட்சத்தை உச்சவரம்பாக வைத்துக்கொண்டு மாதம் 1 லட்சம் என்று எழுதுவது. மாதத் தொடக்கத்தில் பணம், மாதக் கடைசியில் ஆலையில் ஓடக்கூடிய ஏதோ ஒன்று. அடுத்த மாதம் என்ன செய்வது என்பதை அண்ணாச்சி முடிவு செய்வார். இரண்டு தரப்பும் ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். இப்போது கம்பெனிக்கு அதிகபட்சம் போகக்கூடியது ஒரு மாத உழைப்பு. அண்ணாச்சிக்கும் அவ்வளவுதான், அதுவரை கொடுத்த பணத்துக்கு ஓடுகிற மென்பொருள் கையில் இருக்கிறது.

இந்தக் கணக்கை ஒரு வெள்ளைத்தாளில் போட்டு முதலாளியின் மேஜையில் வையுங்கள். 'அஜைல்' என்ற சொல்லை அன்றைக்குச் சொல்ல வேண்டாம். நிலுவையில் நிற்கும் கடைசித் தவணைகளை அவரே மனதுக்குள் கூட்டிப் பார்ப்பார். என் அனுபவத்தில் அந்தக் கூட்டல் செய்யும் வேலையை எந்தப் பயிற்சி வகுப்பும் செய்ததில்லை.

அண்ணாச்சியை ஒப்புக்கொள்ள வைப்பது

முதலாளி அடுத்துக் கேட்பது இதுவாகத்தான் இருக்கும்: 'நான் சம்மதிக்கிறேன், கஸ்டமர் சம்மதிக்கணுமே?' நியாயமான கேள்வி. மொத்தம் எவ்வளவு என்று தெரியாமல் நம்மூர் வியாபாரி எதிலும் கை வைக்க மாட்டார். அதனால்தான் உச்சவரம்பு முக்கியம். மொத்தத்தைச் சொல்லிவிட்டு, அதற்குள் வரிசையை மட்டும் அவர் கையில் கொடுக்கிறோம்.

அதற்கும் ஒரு தடை வரும்.

"எல்லாத்தையும் சேத்து ஒண்ணா கொண்டாங்கய்யா. பாதியப் பாத்து நான் என்ன செய்யதுக்கு?"

இதற்கு விளக்கம் சொல்லிப் பயனில்லை. முதல் மாதத்தில் எதைக் கொடுக்கிறோம் என்பதுதான் பதில். நிறைய கம்பெனிகள் முதல் மாதம் லாகின் பக்கம், பயனர் பட்டியல், மாஸ்டர் திரைகள் என்று செய்துகொண்டு போய்க் காட்டுகின்றன. அது பாதி கூட இல்லை, ஆலைக்காரருக்கு அதில் ஒன்றுமே இல்லை. அதற்குப் பதிலாக எடை மேடைச் சீட்டை மட்டும் எடுங்கள். லாரி வருகிறது, எடை போடுகிறது, சீட்டு அச்சாகிறது, அன்றைய நெல் வரவு மாலையில் ஒரு தாளில் வருகிறது. அவ்வளவுதான். மற்றதெல்லாம் பழைய நோட்டிலேயே இருக்கட்டும். ஒரு வாரம் ஓடிய பிறகு, 'ஈரப்பதம் கழிக்கிறதுக்கு ஒரு எடம் வேணும்லா' என்று அவர்களே சொல்வார்கள். அந்த வாக்கியம் 40 பக்க ஆவணத்தில் இருந்திருக்காது.

அங்கே சொல்பவர் பெரும்பாலும் முதலாளியாக இருக்க மாட்டார், கணக்குப்பிள்ளையாக இருப்பார். கையெழுத்துப் போடுபவர் ஒருவர், நாள் முழுக்க விசைப்பலகையைத் தட்டுபவர் இன்னொருவர். கணக்குப்பிள்ளைக்குப் பிடிக்காத மென்பொருள் எந்த ஆலையிலும் ஓடியதில்லை. அவருக்கு இதில் ஒரு பயமும் உண்டு: கணினி வந்தால் தன் வேலை போய்விடுமோ என்று. அவரிடம் முதல் மாதத்திலேயே கொடுத்துப் பயன்படுத்தவிட்டு, அவர் சொன்ன இரண்டு திருத்தத்தை அடுத்த மாதமே செய்துகாட்டினால் அந்த மென்பொருளுக்கு அவரே காவலாளி.

இந்த விஷயத்தில் திருநெல்வேலிக் கம்பெனிக்குப் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர் தள்ளி இல்லை. சேரன்மகாதேவி, ஆலங்குளம், அம்பாசமுத்திரம், சுரண்டை, எல்லாம் காலையில் பஸ் ஏறினால் போய்வந்துவிடும் தூரம். வாடிக்கையாளர் குழுவோடு கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அஜைல் முன்னோடிகளில் ஒருவரான கென்ட் பெக் 1990களில் கேட்டார். வெளிநாட்டுக்கு வேலை செய்யும் பெங்களூர்க் கம்பெனிகள் அதற்காக ராத்திரி பதினொரு மணிக்கு வீடியோ அழைப்பில் உட்கார்ந்திருக்கின்றன. இங்கே ஒரு டெவலப்பரை ஆலையில் அரை நாள் உட்கார வைக்க பஸ் டிக்கெட்டும் சாப்பாட்டுச் செலவும்தான். டெமோவை ஏசி அறையில் புரொஜெக்டரில் நடத்தாமல் தூசி படிந்த அந்த மேஜையில், கணக்குப்பிள்ளையின் கையால் நடத்துங்கள். நம் ஆள் விசைப்பலகையைத் தொடக் கூடாது. தொட ஆரம்பித்தால் எல்லாம் நன்றாக ஓடுவதாகத்தான் தெரியும்.

நாள் பார்த்துப் போக வேண்டும் என்பது தனி. பிசான அறுவடை நேரத்தில், மாசி பங்குனி வாக்கில், ஆலையில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. ஜவுளிக்கடைக்குத் தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் புதிதாக எதையும் ஏற்றக் கூடாது. பள்ளிக்கூடம் என்றால் ஜூன். இரண்டு வார ஸ்பிரிண்ட் என்று புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காக அறுவடைக்கு நடுவில் டெமோவுக்குப் போய் நின்றால் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அறுபது பிரதி

இனிமேல்தான் கஷ்டமான பகுதி. கொட்டேஷன் மாறிவிட்டது, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டுவிட்டார், மாதாமாதம் புதிதாக ஒன்றைக் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியுமா?

நம் கற்பனைக் கம்பெனியில் 60 வாடிக்கையாளருக்கு 60 பிரதி கோடு இருக்கும். ஒரு ஆலைக்குச் செய்ததை அப்படியே காப்பி எடுத்து அடுத்த ஆலைக்குக் கொடுத்து, அங்கே கேட்டதை அங்கேயே மாற்றியிருப்பார்கள். எந்தக் கணினியில் எது கடைசிப் பிரதி என்பது ஒரு பையனுக்கு மட்டும் தெரியும். திருத்தம் என்றால் எனிடெஸ்க்கில் (தூரத்துக் கணினியை இங்கிருந்தே இயக்கும் மென்பொருள்) நுழைந்து வாடிக்கையாளரின் கணினியிலேயே மாற்றிவிட்டு வருவது. இந்த நிலையில் 19 நாளில் வரி மாற வேண்டும் என்றால் நாளொன்றுக்கு மூன்று பேருக்கு மேல் முடிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. அதுவும் எதையும் உடைக்காமல்.

அஜைல் என்று கம்பெனிகள் வாங்கிக்கொண்டது பெரும்பாலும் அதன் வகைகளில் ஒன்றான ஸ்கிரமின் கூட்டங்களை. ஸ்கிரம் முறையை ஜெஃப் சதர்லாண்டும் கென் ஷ்வேபரும் 1995இல் ஒரு மாநாட்டில் முன்வைத்தார்கள். ஸ்பிரிண்ட் ஒரு மாதத்துக்கு மேல் போகக் கூடாது, தினக் கூட்டம் 15 நிமிஷம் என்று அதன் வழிகாட்டி சொல்கிறது. கோடு எப்படி எழுத வேண்டும் என்று அது ஒன்றும் சொல்வதில்லை. அதைச் சொன்னது கென்ட் பெக்கின் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங். கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் மென்பொருளில் வேலை செய்தபோது அது உருவானது. முதலில் சோதனையை எழுது, எல்லோருடைய கோடும் ஒரே இடத்தில் அடிக்கடி சேரட்டும், இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து எழுது என்பதெல்லாம் அங்கிருந்து வந்தவை. கூட்டம் நடத்துவது எளிது, சோதனை எழுதுவது கஷ்டம். எனவே எது பரவியது என்று சொல்ல வேண்டியதில்லை.

என் கட்சி இதில் கறாரானது: தானாக ஓடும் சோதனைகள் இல்லாத கம்பெனியில் மாத ரிலீஸ் என்பது மாதாமாதம் ஒரு விபத்து. ஸ்டாக் ரிப்போர்ட்டைச் சரிசெய்தால் பில் அச்சு கோணிக்கொள்ளும். மூன்றாவது மாதம் அண்ணாச்சி, 'நீங்க ஒண்ணும் புதுசா போட வேண்டாம், இருக்கதத் தொடாதீங்க' என்பார். அத்தோடு அஜைல் முடிந்தது.

ஆனால் முதலாளியிடம் போய், 60 பிரதியையும் ஒன்றாக்க மூன்று மாதம் வேண்டும், அதுவரை வருமானம் கிடையாது என்று கேட்டால் கிடைக்காது. கேட்கவும் கூடாது. வரிக்கணக்கை மட்டும் முதலில் தனியாகப் பிரித்து ஒரே இடத்தில் வைக்கலாம். தேதியையும் பொருளையும் கொடுத்தால் வரியைத் திருப்பித் தரும் சின்னத் துண்டு. அதற்கு முப்பது நாற்பது சோதனை: 21ஆம் தேதி மிக்சர் 12, 22ஆம் தேதி மிக்சர் 5, பீடி மாறாது, பழைய பில்லின் திரும்பல் பழைய வரி, காசு முழுமையாக்குவதில் பத்துப் பைசா வித்தியாசம் வரக் கூடாது. அப்புறம் எந்த வாடிக்கையாளர் எதற்காக அழைத்தாலும், அந்த வேலையோடு சேர்த்து அவரைப் பொதுப் பிரதிக்கு நகர்த்திவிடுவது. ஒரு வருஷத்தில் பாதிப்பேர் நகர்ந்திருந்தாலே அடுத்த வரி மாற்றத்தில் வித்தியாசம் முதலாளியின் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொரு காரணத்தையும் அவரிடம் சொல்லலாம், சீக்கிரம் உறைக்கும். கல்லூரி முடித்து இங்கே சேரும் பிள்ளைகள் இரண்டு வருஷத்தில் வேலை கற்றுக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிடுகிறார்கள். சென்னைச் சம்பளத்தோடு போட்டி போட முடியாது. போகிற ஒவ்வொருவரும் ஏழெட்டு வாடிக்கையாளரின் ரகசியத்தைத் தலையில் கொண்டு போகிறார்கள். கோடு ஒரே இடத்தில் இருப்பதும், ஒரு வேலையில் இரண்டு பேர் கை பட்டிருப்பதும், சோதனையே ஆவணமாக இருப்பதும் இந்த நோய்க்கு மருந்து. அஜைல் என்றால் ஆவணம் இருக்காதாமே என்று கேட்கும் முதலாளியிடம், இப்போது இருக்கும் ஆவணம் எங்கே என்று மரியாதையாகத் திருப்பிக் கேட்கலாம்.

'முடிஞ்சிரும் சார்'

தினமும் காலையில் 15 நிமிஷக் கூட்டம் தொடங்கினால் நம்மூரில் இது நடக்கும்:

"என்ன தம்பி, ஸ்டாக் ரிப்போர்ட் எந்த அளவுல இருக்கு?"

"முடிஞ்சிரும் சார்."

"எப்ப?"

"நாளைக்கு முடிஞ்சிரும் சார்."

நாளைக்கும் இதே உரையாடல். வீட்டில் அப்பாவிடமும் கல்லூரியில் துறைத் தலைவரிடமும் முடியவில்லை என்று சொல்லிப் பழகாத பையன், சம்பளம் கொடுப்பவர் முன்னால் மட்டும் எப்படிச் சொல்வான்? முதலாளி நின்றால் அந்தக் கூட்டம் ஆஜர் எடுப்பதாகிவிடும். முதல் சில மாதம் அவர் அதில் கலந்துகொள்ளாமல் இருப்பது நல்லது. இதை அவரிடம் சொல்வதற்கு மூத்த ஆள் ஒருவர் வேண்டும், பையன்கள் சொன்னால் எடுபடாது. அவருக்கு வேலையின் நிலை தெரிய வேண்டியது நியாயம், அதற்குச் சுவரில் ஒரு பலகை போதும். தொடங்காதது, நடப்பது, ஆலையில் ஓடுவது. 'ஏறக்குறைய முடிந்தது' என்று நான்காவது கட்டம் போட விடாதீர்கள்.

டீம் லீடை இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பி ஸ்கிரம் மாஸ்டர் சான்றிதழ் வாங்கி மாட்டுவதைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. கிளையன்ட் கேட்டால் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரிய உதாரணம் எதுவும் இல்லையா என்று கேட்கும் முதலாளிகளுக்கு எஃப்பிஐ கதை பொருத்தம். அமெரிக்காவின் அந்தப் புலனாய்வு அமைப்பு, வழக்குக் கோப்புகளைக் கணினியில் கொண்டுவர 2001இல் ஒரு திட்டம் தொடங்கியது. தேவை ஆவணமே 800 பக்கத்தைத் தாண்டியது. சுமார் 17 கோடி டாலர் செலவழித்து 2005இல் கைவிட்டார்கள். மறுபடி 2006இல் சென்டினல் என்ற பெயரில் வேறொரு பெரிய நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள், அதுவும் இழுத்தது. 2010இல் எஃப்பிஐ வேலையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு, ஆட்களைக் குறைத்து, இரண்டு வார ஸ்பிரிண்டுகளாக நடத்தி 2012 ஜூலையில் ஓடவிட்டது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அஜைலுக்கு மாறிய பிறகும் சொன்ன தேதியில் முடியவில்லை, 2011 செப்டம்பர் என்று சொன்னது பல மாதம் தள்ளிப்போனது. முதலாளியிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அஜைல் என்றால் வேகம் என்று விற்றுவிட்டு, முதல் தேதி தவறியதும் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. தாமதம் ஆகிறது என்பது சீக்கிரம் தெரியும், அதற்குள் பாதியாவது ஓடிக்கொண்டிருக்கும். வாக்குக் கொடுக்கக்கூடியது அவ்வளவுதான்.

செல்லாத இடம்

அரசு டெண்டரில் இது நடக்காது. தேவை, தொகை, தேதி மூன்றையும் முன்கூட்டியே பூட்டிவிட்டு, குறைந்த விலைக்காரருக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். அப்படிப்பட்ட வேலையை எடுத்தால் உள்ளே சோதனை எழுதுங்கள், துண்டு துண்டாகச் செய்யுங்கள், துறை அலுவலரிடம் முடிந்தவரை முன்னதாகக் காட்டுங்கள். பில் மட்டும் பழைய வரிசைப்படிதான் போகும். சென்னைக் கம்பெனிக்குத் துணை ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களுக்கும் இதே கதி. அவர்களிடம் ஸ்பிரிண்ட் எல்லாம் இருக்கும், எதை எப்போது செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை மட்டும் இருக்காது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ மாதிரி சொந்தப் பொருள் விற்பவர்களுக்கு இந்தக் கொட்டேஷன் சிக்கலே கிடையாது, சந்தா வருகிறது. அவர்களைப் பார்த்து, அவர்கள் செய்வதுபோலச் செய்வோம் என்று தனித்தனி வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் கம்பெனி கிளம்பினால் கணக்கு உதைக்கும்.

முயற்சி செய்து பார்க்க எந்த வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பது? ஏற்கெனவே சண்டையில் இருப்பவர் வேண்டாம், நம்மைத் திட்டினாலும் போனை எடுப்பவராக இருக்கட்டும். மூன்று மாதம் நடத்திவிட்டு, ஒரு மாற்றம் கேட்டதிலிருந்து அது ஆலையில் ஓட எத்தனை நாள் ஆனது, நிறுவிய பிறகு எத்தனை முறை எனிடெஸ்க்கில் போக வேண்டியிருந்தது, பணம் எந்தத் தேதியில் வந்தது என்று மூன்றையும் பழைய வேலை ஒன்றோடு வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வேலைக்கும் அதன் அளவைப் பார்த்துக் குழு போடும் புள்ளியில், ஸ்பிரிண்டில் எத்தனை முடித்தோம் என்ற கணக்கை முதலாளியிடம் காட்டவே வேண்டாம். அடுத்த மாதம் ஏன் குறைந்தது என்று கேட்பார், அதற்கு அடுத்த மாதம் பையன்கள் புள்ளியை ஏற்றிப் போட ஆரம்பிப்பார்கள்.

கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் எழுத வேண்டியது நாலைந்து வரிதான். மொத்தத் தொகை இதற்கு மேல் போகாது. ஒவ்வொரு மாதமும் தொடக்கத்தில் இவ்வளவு. மாதக் கடைசியில் உங்கள் ஆலையில் உங்கள் ஆள் ஓட்டிப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த மாத வேலையின் வரிசையை நீங்கள் தீர்மானிக்கலாம், அந்த மாதத்துக்கு நடுவில் மாற்றினால் ஏதாவது ஒன்றை வெளியே எடுத்துவிட்டுத்தான் மாற்ற முடியும். நிறுத்த வேண்டுமானால் இரண்டு பக்கமும் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். அண்ணாச்சி பெரும்பாலும் இந்தக் கடைசி வரியில்தான் பேரம் பேசுவார்: 'நான் ஏன்யா ஒரு மாசம் முன்னால சொல்லணும், பிடிக்கலன்னா அன்னைக்கே நிறுத்துவேன்.' அவருக்கு மட்டும் அதை 15 நாளாகக் குறைத்துக்கொடுக்கலாம். மாதத் தொடக்கத்தில் பணம் என்ற வரியில் மட்டும் இறங்க வேண்டாம்.